வரிசையில் நின்ற குடம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் பிறந்தவன். பதினாறு வருடமாக வியாசர்பாடியில் இருக்கிறேன். எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கப் பார்க்கிறோம். மூன்று கூட்டம் போட்டும் யார் தலைவர் என்பதிலேயே சண்டை. பக்கத்துப் பெரம்பூரில் மில் தொழிலாளர்கள் 1918லேயே சங்கம் கண்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் விசைப்படகுச் சங்கங்களைத் தவிர, மக்கள் ஒன்றுகூடி எதையும் நடத்திய வரலாறே இல்லையே என்று வருத்தமாக இருக்கிறது. படிப்பில்லாத சனம், என்ன செய்யும்? விதிகள் எழுத எதைப் படிக்கலாம், எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று பாம்பனில் அம்மாவின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். பரணில் ஓர் அலுமினியக் குடம் கிடைத்தது. கழுத்தில் பச்சை வலைநூல், மூன்று சுற்று. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். அதனால் பதிலில் கோபம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைவர் சண்டையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆறு மாதம் தலைவர் இல்லாமல் நடத்துங்கள், தானாக அடங்கும். விதிகளுக்கு மாதிரிப் படிவம் எங்கும் கிடைக்கும். அதை விடுங்கள்.

"படிப்பில்லாத சனம், என்ன செய்யும்?" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. யாரைச் சொல்கிறீர்கள்? உங்கள் அம்மாவையா?

தீவுக்குச் சாலைப் பாலம் வந்தது 1988இல். அதற்கு முன்னால் ரயிலையும் படகையும் விட்டால் வழி கிடையாது. நாலு பக்கமும் உப்புத் தண்ணீர். குடிக்கும் தண்ணீருக்கு மணலில் ஊற்றுத் தோண்ட வேண்டும். இடுப்பளவு பள்ளம், அடியில் கையகலத்துக்குத் தண்ணீர் ஊறும். சிரட்டையால் அள்ளி, துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்ற வேண்டும். நாலு சிரட்டை அள்ளினால் கலங்கிவிடும். தெளியும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். அத்தனை பேருக்கும் அந்த ஒரு ஊற்றுதான். முறை எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்?

குடம்தான் ஆள். ஆள் வராவிட்டாலும் குடம் வரிசையில் நிற்கும். யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறத்தில் நூல். பிள்ளை பெற்றவள் குடத்தை மற்றவர்கள் நகர்த்தி, நிரப்பி, வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு முறை எங்கள் தெருவில் ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவர் மனைவி வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை. சிவப்பு நூல் கட்டிய அந்தப் பெண்ணின் குடத்தை வரிசையில் முன்னால் தள்ளும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. பதினோரு நாள் காலால் தள்ளித் தள்ளி நகர்த்தினேன். பன்னிரண்டாம் நாள் அந்தப் பெண்ணே வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் குடத்துக்குப் பின்னால் நின்றவர் ஓரடி தள்ளி நின்று இடம் கொடுத்தார்.

இன்னொரு நாள் ஒரு வசதியான வீட்டு ஆள் நாலு குடத்தோடு வந்து முன்னால் இறங்கினான். அம்மா தன் சிரட்டையைக் குடத்துக்குள் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தாள். அடுத்தவள் போட்டாள். சிரட்டை விழுந்த சத்தம் ஒவ்வொன்றாக வரிசையின் கடைசி வரை போனது இன்னும் காதில் இருக்கிறது. அத்தனை பேரும் உட்கார்ந்து அவனையே பார்த்தார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவன் ஏறிப் போய்விட்டான். பெரம்பூரில் நடந்தால் அதற்கு வேலைநிறுத்தம் என்று பெயர் தம்பி. இங்கே நடந்தால் உங்களுக்கு வரலாறு இல்லை.

பெரம்பூரையும் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. 1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம், வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர் என்று எல்லோரும் ஒப்பிக்கிறோம். அதற்கு முன்பே பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் ஆட்கள் வேங்கடேச குணாமிருத வர்ஷணி சபை என்ற பக்தி சபைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். சபையை நடத்திய செல்வபதி செட்டியார் அங்கே கடை வைத்திருந்தவர். சாமி கதை கேட்க வந்தவர்கள் மில்லில் படும் பாட்டையும் சொன்னார்கள். செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும்தான் வாடியாவைப் போய்ப் பார்த்தார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு கடைத் திண்ணை இருக்கிறதா என்று தேடுங்கள்.

நம் கடற்கரைக்கு வருகிறேன். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு எத்தனை சண்டைக்குப் பிறகு வந்தது என்பது உங்களுக்கே தெரியும். அதைக்கூட ஆண்கள் கதையாக வைத்துக்கொள்ளுங்கள். கடல்பாசி எடுக்கும் பெண்களை எப்படி மறந்தீர்கள்?

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அதுவரை மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்தவர்களைத் தீவுப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். பவளத்தை அழிப்பவர்கள் என்ற பழி வேறு. அந்தப் பெண்கள் ஊர் ஊராகக் கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும்தான் இறங்குவது. இரும்பால் சுரண்டக்கூடாது, கையால் மட்டும் பறிப்பது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கீழே போய், மரிக்கொழுந்துப் பாசியை அடி விட்டுப் பறிக்கிறார்கள். அடி இருந்தால் மறுபடி தழைக்கும்.

அந்த 12 என்ற எண்ணைக் கொஞ்சம் யோசியுங்கள். மீதி 18 நாள் இருக்கிறது. வீட்டில் அரிசி இல்லை, வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் நிற்கிறது, பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. கடல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது, அடியில் பாசி ஆடுவதும் தெரியும். போகாமல் இருக்க வேண்டும். நான் போகாவிட்டால் அவளும் போகமாட்டாள் என்ற நம்பிக்கை ஒவ்வொருத்திக்கும் இருக்க வேண்டும், அதுவும் ஒரு ஊரில் இல்லை, ஊர் ஊராக. எந்தப் பதிவு எண் இதைச் செய்யும்? 2015இல் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு அமெரிக்காவிலிருந்து, தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி என்ற அமைப்பு விருது கொடுத்தது. அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்தது, தங்கச்சிமடத்துப் பிள்ளைக்குத் தெரியாமல் போனதே என்றுதான் வலிக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்து வந்து, தெருவுக்காக மூன்று கூட்டம் போட்ட பிள்ளை நீங்கள். அந்த மனது இருப்பதால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் வருமே, ஒரு நாள் விடிகாலையில் எழுந்து போய் அந்தக் குடங்களுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஆள் வராத குடத்தை யார் நகர்த்துகிறார் என்று பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு முதலில் அவரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், இன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போடுங்கள். உங்கள் வீட்டுக் குடத்தில் என்ன நிற நூல் கட்டியிருந்தார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா