380 பேக்கேஜ்களின் பில்ட் கருவியில் கைவைக்கும் முன்

கேள்வி: டெபியன் லினக்ஸில் பைத்தான் பேக்கேஜ்களைப் பராமரிக்கும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். பேக்கேஜ்களை உருவாக்க உதவும் டெப்ஹெல்பரோடு சேர்ந்து ஓடும் துணைக் கருவி ஒன்றை எங்கள் குழுவே வைத்திருக்கிறது. சுமார் 380 பேக்கேஜ்கள் அதை நம்பித்தான் பில்ட் ஆகின்றன. எழுதியவர் விலகிவிட்டார், இப்போது என் பொறுப்பு. மூன்று மாற்றங்கள் செய்ய நினைக்கிறேன். ஒன்று, பில்ட் நேரத்தில் டெஸ்ட் தோற்றால் இப்போது எச்சரிக்கை மட்டும் வருகிறது. இனி பில்டே நிற்க வேண்டும். இரண்டு, 'டெஸ்ட்ஸ்' அடைவுகள் பயனரின் கணினிக்குப் போய்விடுகின்றன. கருவியே அவற்றை நீக்கிவிட வேண்டும். மூன்று, பேக்கேஜை நிறுவும்போதும் நீக்கும்போதும் ஓடும் ஸ்கிரிப்டுகளில் கருவி செருகும் பழைய வரிகளைச் சுருக்க வேண்டும். முதலாவதுதான் எனக்குப் பயம். மற்ற இரண்டும் ஒட்டடை அடிக்கிற வேலைதானே, இந்த வாரமே போட்டுவிடலாமா?

பதில்: போடாதீர்கள். உங்கள் பயத்தின் வரிசையைத் தலைகீழாகத் திருப்புங்கள். மூன்றாவதுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும், அடுத்து இரண்டாவதுக்கு. முதலாவது வெறும் தலைவலி.

டெஸ்ட் தோற்று பில்ட் நின்றால் சத்தம் வரும். லாக் இருக்கும், எந்த வரியில் நின்றது என்று தெரியும், நிறுவுவதற்கான புதிய டெப் கோப்பு உருவாகவே உருவாகாது. பயனரிடம் பழைய பதிப்பு பத்திரமாக இருக்கும். நட்டம் பராமரிப்பாளரின் ஒரு மாலைப் பொழுது மட்டும். பில்ட் வெற்றி என்று சொல்லிவிட்டு உள்ளே சரக்கு மாறிப்போன பேக்கேஜ் அப்படியல்ல. அது நேராகப் பயனரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

சொந்தக் கதை ஒன்று. சில வருடங்களுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கருவியில், கோப்புப் பெயரை ஒப்பிடும் வரி ஒன்றைத் திருத்தினேன். அதை நம்பியிருந்த அத்தனை பேக்கேஜ்களையும் பில்ட் செய்து பார்த்தேன், ஒன்றுகூடத் தோற்கவில்லை. நிம்மதியாகத் தூங்கப் போனேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பிழைப்பதிவு வந்தது: ஆவணப் பேக்கேஜ் ஒன்றைத் திறந்தால் சேஞ்ச்லாகும் காப்பிரைட் கோப்பும் தவிர வேறு எதுவும் இல்லை. பில்ட் பச்சை, டப்பா காலி. எத்தனை பேக்கேஜ் தோற்றது என்ற எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதை அன்றோடு விட்டேன்.

இனி உங்கள் இரண்டாவது மாற்றம். காரணம் நியாயமானதுதான். இரண்டு நூலகங்கள் தத்தம் 'டெஸ்ட்ஸ்' அடைவை மேல்மட்டத்தில் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைத்தால், உள்ளே ஒரே பெயரில் ஒரு கோப்பு இருந்தாலே போதும், இரண்டாவதை நிறுவ, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான டிபிகேஜி மறுத்துவிடும். ஆனால் 'டெஸ்ட்' என்று தொடங்கும் அடைவையெல்லாம் நீக்கு என்று கருவிக்குச் சொன்னால் என்ன ஆகும்? நம்பையில் 'டெஸ்டிங்' என்று ஒரு பகுதி இருக்கிறது. ஜாங்கோவில் 'டெஸ்ட்' என்று ஒரு பகுதி இருக்கிறது. இரண்டும் அந்த நூலகங்களின் சொந்தச் சோதனைகள் அல்ல. மற்றவர்கள் தங்கள் நிரலில் இம்போர்ட் செய்வதற்காகவே தரப்பட்டவை. இப்படி ஒன்றை நீக்கினால் அந்த பேக்கேஜ் சிணுங்காமல் பில்ட் ஆகும், அதை நம்பியிருக்கும் வேறொன்று வேறொரு நாளில் விழும். ஆகவே பெயர் மிகச் சரியாக 'டெஸ்ட்ஸ்' என்று இருக்க வேண்டும், மேல்மட்டத்தில் இருக்க வேண்டும், இரண்டும் பொருந்தினால் மட்டும் நீக்குங்கள். நூலகத்துக்கு உள்ளே ஆழத்தில் இருப்பதைத் தொடாதீர்கள்.

ஆழத்தில் இருப்பதைத் தொடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல பேக்கேஜ்களின் ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் (நிறுவிய பிறகு நடக்கும் தானியங்கிச் சோதனை), நிறுவிய பேக்கேஜுக்குள் இருக்கும் அந்தச் சோதனைகளையே எடுத்து ஓட்டுகிறது. நீங்கள் அவற்றை நீக்கிவிட்டால் ஓடுவதற்கு எதுவும் இருக்காது. சோதனைகளை ஓட்டும் கருவி பைடெஸ்ட் என்றால் பரவாயில்லை, ஒரு சோதனையும் கிடைக்காவிட்டால் 5 என்ற பிழை எண்ணோடு வெளியேறும். பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்ட் 3.12 பதிப்புக்கு முன்புவரை, 0 டெஸ்ட் ஓடியது, எல்லாம் சரி என்று சொல்லி வெற்றியோடு வெளியேறிவிடும். முதல் மாற்றத்தால் டெஸ்டுகளைக் கறாராக்கி, இரண்டாவதால் அதே டெஸ்டுகளைக் காணாமல் போக்கி, கடைசியில் எல்லாம் பச்சை என்று மகிழும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

ஒவ்வொரு பேக்கேஜையும் எப்படி பில்ட் செய்வது என்று சொல்லும் ரூல்ஸ் கோப்புகளையும் ஒருமுறை பாருங்கள். உங்கள் கருவி செய்யாததைப் பராமரிப்பாளர்கள் இத்தனை நாள் கையால் செய்துவந்திருப்பார்கள். 'டெஸ்ட்ஸ்' அடைவை அழிக்கும் ஆர்எம் கட்டளை அங்கே இருக்கும். நாளை அந்த அடைவே இல்லையென்றால், கட்டாயப்படுத்தும் விருப்பம் இல்லாமல் எழுதிய ஆர்எம் பிழை சொல்லி பில்டை நிறுத்தும். எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும் என்று சொல்லும் இன்ஸ்டால் கோப்பில் அந்தப் பாதையை எழுதி வைத்தவர்களுக்கும் இதே கதிதான். டெபியன் கோட் சர்ச்சில் உங்கள் கருவியின் பெயரைத் தேடுங்கள். உங்கள் குழுவுக்கு வெளியே யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள், யார் உங்கள் கருவியின் உள்வேலையை நகலெடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். 380 என்பது குழுவின் கணக்காக இருக்கும். வெளி ஆட்கள் சிலர் நிச்சயம் அகப்படுவார்கள்.

அடுத்து, அளந்து பார்ப்பது. மூன்று மாற்றங்களையும் ஒன்றாகப் போட்டு அளக்காதீர்கள், ஒவ்வொன்றாக எடுங்கள். புதிய கருவியோடு 380 பேக்கேஜ்களையும் பில்ட் செய்தால் போதாது, பழைய கருவியோடும் ஒருமுறை செய்ய வேண்டும். டெபியனின் வளர்ச்சிக் கிளையான அன்ஸ்டேபிள் தினமும் நகர்கிறது. எந்த நாளில் மொத்தமாக பில்ட் செய்தாலும், உங்கள் கருவிக்குச் சம்பந்தமே இல்லாமல் சில பேக்கேஜ்கள் தோற்கும். அடிப்படைக் கணக்கு கையில் இல்லாவிட்டால் ஊர்ப் பிழைகளையெல்லாம் உங்கள் தலையில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் அலைவீர்கள். பழைய நாட்களின் சேகரங்களைச் சேமித்து வைத்திருக்கும் ஸ்னாப்ஷாட் சேவையில் ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு சுற்றையும் அதே தேதியின் சேகரத்தை வைத்து, சுத்தமான தனிச் சூழலில் பில்ட் செய்யும் எஸ்பில்டில் ஓட்டுங்கள். புதிய கருவியின் டெப் கோப்பை இரண்டாவது சுற்றுக்கு மட்டும் கூடுதல் பேக்கேஜாகக் கொடுக்க எஸ்பில்டிலேயே வழி இருக்கிறது. பில்ட் நடக்கும் அடைவின் பாதையையும் இரண்டு சுற்றிலும் ஒன்றாகவே வையுங்கள். பைத்தான் பேக்கேஜ்கள் பெரும்பாலும் சிறியவை, சுமாரான ஒரு கணினிக்குச் சில இரவுகள் போதும்.

பாதை ஏன் ஒன்றாக இருக்க வேண்டும் என்றால், ரிப்ரொட்யூசிபிள் பில்ட்ஸ் முயற்சி நமக்கு இங்கேதான் வட்டியோடு திருப்பித் தருகிறது. 2013இல் டெபியனில் அந்தப் பேச்சு தொடங்கியபோது பலரும் அதைப் பாதுகாப்புச் சமாச்சாரமாக மட்டும் பார்த்தார்கள். நானும்தான். ஒரே மூலநிரல், ஒரே சூழல் என்றால் பிட்டுக்குப் பிட்டு ஒரே டெப் கோப்பு வர வேண்டும். கருவி பராமரிப்பவருக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று பிறகுதான் புரிந்தது. டெப் கோப்புகளின் கைரேகை போன்ற செக்சம்களை இரண்டு சுற்றுக்கும் ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் அந்த பேக்கேஜை உங்கள் மாற்றம் தொடவில்லை, தள்ளி வைத்துவிடலாம். வேறாக இருப்பவற்றை முதலில் டெப்டிஃப்பில் போடுங்கள். எந்தக் கோப்பு கூடியது, எது குறைந்தது, சார்பு வரிகளில் என்ன மாறியது என்று ஒரே பார்வையில் காட்டும். அதிலும் பிடிபடாததை மட்டும், கோப்புகளின் உள்ளே புகுந்து ஒப்பிடும் டிஃபோஸ்கோப்புக்குக் கொடுங்கள். 380ஐயும் அதில் போட்டால் நீங்களும் உங்கள் கணினியும் சேர்ந்து மூச்சுவாங்குவீர்கள். கோப்புகள் திடீரென்று பாதியாகக் குறைந்த பேக்கேஜ் ஏதாவது இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். என் காலி டப்பா அந்தப் பட்டியலில் முதல் வரியிலேயே நின்றிருக்கும்.

பேக்கேஜ் பில்டில் தோற்காவிட்டாலும் அதைச் சார்ந்தவை விழலாம் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ராட் என்ற கருவி உதவும். மாறிய பேக்கேஜைக் கொடுத்தால், பில்டுக்கு அதைச் சார்ந்திருக்கும் எல்லாவற்றையும் தேடி எடுத்து அதுவே பில்ட் செய்து பார்க்கும்.

இனி முதல் மாற்றம். இதற்கு டெப்ஹெல்பரே நல்ல முன்மாதிரி. ஜோயி ஹெஸ் 1997இல் தொடங்கிய அந்தக் கருவி இத்தனை காலம் ஊர்ச் சண்டை இல்லாமல் நடத்தையை மாற்றிக்கொண்டே வந்ததற்குக் காரணம் அதன் கம்பாட் நிலைகள்தான்: எந்த நடத்தை வேண்டும் என்று ஒவ்வொரு பேக்கேஜும் ஓர் எண்ணால் சொல்லிவிடும். 10ஆம் நிலையில் பில்ட் வேலைகள் இணையாக ஓடுவது இயல்பானது. 13ஆம் நிலையில், பில்ட் ஆகியும் எந்த பேக்கேஜிலும் சேராமல் அனாதையாக நிற்கும் கோப்பு இருந்தால் பில்ட் நிற்கும். ஆனால் 12இல் இருக்கும் பேக்கேஜுக்கு 12இன் நடத்தைதான். பராமரிப்பாளர் தன் கையால் எண்ணை மாற்றும் நாளில்தான் பிழையும் வரும். அன்று அவர் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதில்தான் சூட்சுமம். யாரோ எங்கோ கருவியை அப்டேட் செய்ததால், ஆறு மாதமாகத் தொடாத பேக்கேஜ் திடீரென்று தோற்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

உங்கள் கருவிக்கும் அப்படி ஒரு நிலை வையுங்கள். உங்கள் கருவியை அழைக்க பில்ட் சார்புகளில் எழுதும் டிஎச்-சீக்வென்ஸ் பெயரையே புதிதாக ஒன்று கொடுத்தால் போதும், பழைய பெயர் பழைய நடத்தையோடு தொடரட்டும். பழைய கிளையைச் சுமப்பது அலுப்பான வேலைதான். ஒரு ரிலீஸ் காலம் சுமந்துவிட்டு நீக்குங்கள். குழுவின் கையில் இருக்கும் பேக்கேஜ்களை நீங்களே ஸ்கிரிப்ட் போட்டு மாற்றிவிடலாம், அதற்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

தோற்கும் டெஸ்டுகளில் ஒரு பகுதி இணையத்தைத் தேடித் தோற்பவையாக இருக்கும். டெபியன் கொள்கைப்படி பில்ட் நேரத்தில் வெளி நெட்வொர்க்கைத் தொடவே கூடாது, அவற்றை யோசிக்காமல் தவிர்த்துவிடுங்கள். இன்னொரு பகுதி உங்கள் லேப்டாப்பில் தெரியவே தெரியாது. ஐபிஎம் பெருங்கணினிகளின் எஸ்390எக்ஸ் பெரு-எண்டியன் கட்டமைப்பு (எண்ணின் பெரிய பைட் முதலில் வரும்), பைட் வரிசையை அலட்சியமாக எழுதிய நிரலெல்லாம் அங்கேதான் அகப்படும். 32 பிட் ஆர்ம் கட்டமைப்பான ஆர்ம்எச்எஃபிலும் தனி ரகப் பிழைகள் வரும். இவற்றையெல்லாம் இதுவரை வெறும் எச்சரிக்கையாக மூடி வைத்திருந்தது உங்கள் கருவிதான்.

குழுவுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பிழைப்பதிவு போட வேண்டும். பத்துக்கு மேல் என்றால் முன்கூட்டியே டெபியன் டெவலப்பர்களிடம் சொல்லிப் பேசிவிட்டுத்தான் போட வேண்டும் என்பது வழக்கம். ஒரே உரையை எல்லோருக்கும் வீசாமல், அந்தந்த பேக்கேஜின் லாகில் பிழை தெரியும் நாலு வரியையும், முடிந்தால் திருத்தம் அடங்கிய ஒரு பேட்சையும் சேருங்கள். 2024இல் சி கம்பைலரான ஜிசிசியின் 14ஆம் பதிப்பு, அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதை எச்சரிக்கையிலிருந்து பிழையாக உயர்த்தியபோது பழைய சி நிரல்கள் கொத்துக் கொத்தாகத் தோற்றன. பேட்சோடு வந்த பதிவுகள் சீக்கிரம் மூடப்பட்டன, வெறும் லாகோடு வந்தவை பல மாதங்கள் கிடந்தன. நான் பார்த்தவரை அப்படித்தான்.

நேரமும் முக்கியம். ரிலீஸ் நெருங்கும்போது கருவிகளைத்தான் முதலில் உறைய வைக்கிறார்கள். டெபியன் 13 வெளிவந்தது 2025 ஆகஸ்ட் 9இல், கருவிகளுக்கான உறைவு மார்ச் 15இலேயே தொடங்கிவிட்டது. ரிலீஸ் முடிந்த கையோடு தொடங்கினால் அடுத்த உறைவுக்குச் சுமார் ஒன்றரை வருடம் இருக்கும்.

கடைசியாக, நீங்கள் ஒட்டடை என்று சொன்ன மூன்றாவது. பைத்தான் பேக்கேஜ்களில் நிறுவிய பிறகு ஓடும் ஸ்கிரிப்ட், பை3கம்பைலை அழைத்து, பைத்தான் வேகமாக ஏற்றுவதற்கான பைட்கோடைத் தயாரிக்கிறது. நீக்கும் முன் ஓடும் ஸ்கிரிப்ட், பை3க்ளீனை அழைத்து அதை அழிக்கிறது. இந்த வரிகள் பில்ட் நேரத்தில் உங்கள் கருவியால் செருகப்பட்டு டெப் கோப்புக்குள் உறைந்துவிடும். அழிக்கும் வரியை நீங்கள் தவறாகச் சுருக்கினால் பில்ட் தோற்காது, நிறுவலும் தோற்காது. நீக்கும்போது 'அடைவு காலியாக இல்லை' என்று டிபிகேஜி ஒரு வரி முனகும், யாரும் படிக்க மாட்டார்கள். பைட்கோட் இருக்கும் பைகேஷ் அடைவு மட்டும் மிச்சமாக நூலகத்தின் அடைவு அங்கேயே நிற்கும். பைத்தான் 3.3 முதல், ஓர் அடைவை நூலகம் என்று அடையாளம் காட்டும் இனிட் கோப்பு இல்லாத அடைவையும் நேம்ஸ்பேஸ் பேக்கேஜாக ஏற்றுக்கொள்கிறது. அதனால் நீக்கிய நூலகத்தை இம்போர்ட் செய்தால் பிழை வராது, காலியான ஒன்று வந்து நிற்கும். 'இந்த நூலகம் இருந்தால் பயன்படுத்து, இல்லாவிட்டால் விடு' என்று எழுதிய நிரலெல்லாம் குழம்பிப் போகும். அந்தப் பிழைப்பதிவு வரும்போது உங்கள் கருவியை யாரும் சந்தேகிக்கக்கூட மாட்டார்கள்.

கருவியை உடனே திருத்தினாலும் தீராது. எந்தெந்த பேக்கேஜ் அந்த இடைவெளியில் பில்ட் ஆனதோ அத்தனையையும் மறுபடி பில்ட் செய்ய வேண்டும். பைத்தான் பேக்கேஜ்களில் பெரும்பகுதி எல்லாக் கட்டமைப்புக்கும் பொதுவானவை; அவற்றுக்கு பின்என்எம்யூ (மூலநிரலை மாற்றாமல் மறுபடி பில்ட் செய்யும் வசதி) கிடையாது, ஒவ்வொன்றையும் மூலநிரலோடு புதிதாக ஏற்ற வேண்டும். அதன் பிறகும் அப்டேட்டின்போது டிபிகேஜி முதலில் ஓட்டுவது ஏற்கெனவே நிறுவியிருக்கும் பழைய பேக்கேஜின் நீக்கல் ஸ்கிரிப்டைத்தான். பயனரின் வட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பழைய தவறுக்கு உங்கள் கை எட்டாது.

ஆகவே முதலில் முதல் மாற்றம், இரண்டு மாதம் ஆறப்போட்டு இரண்டாவது. மூன்றாவதை, செருகும் வரிகளில் உண்மையிலேயே பிழை இருந்தால் மட்டும் எடுங்கள். அப்போதும் பழைய பதிப்பிலிருந்து அப்டேட், நீக்கல், பர்ஜ் (அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து அழிப்பது) மூன்றையும், நிறுவலையும் நீக்கலையும் சோதிக்கும் பியுபார்ட்ஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். வரிகள் அழகாக இல்லை என்பது மட்டும்தான் குறை என்றால் அவை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.