லொகின் ஆன பிறகும் அடுத்த கோரிக்கைக்கு 401 (லொகின் ஆகவில்லை என்ற பிழை எண்) வருவது ஏன்?

பைதனில் இணையக் கோரிக்கைகளை அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில், குக்கிகளை நினைவில் வைக்கும் செஷன் வைத்துத்தான் லொகின் செய்கிறீர்கள். பதிலில் குக்கியும் (நீங்கள் யார் என்று சர்வருக்குக் காட்டும் சிறு தரவு) வருகிறது, ஆனால் அடுத்த கோரிக்கைக்கு 401. குரோமில் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது என்கிறீர்கள். அந்த வரிதான் துப்பு.

உங்கள் சர்வர் லப்டொப்பிலேயே, லோக்கல்ஹோஸ்டில் (அதே கணினியைக் குறிக்கும் முகவரி), குறியாக்கம் இல்லாத வெறும் எச்டிடிபியில் ஓடுகிறது. குக்கியிலோ 'செக்யூர்' என்ற குறி இருக்கிறது, அதாவது குறியாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் அனுப்பு என்று பொருள். குரோம் லோக்கல்ஹோஸ்டை நம்பகமான இடமாக எடுத்துக்கொண்டு அதை அனுப்பிவிடும். ரிக்வெஸ்ட்ஸுக்குப் பின்னால் குக்கிகளைச் சேமித்து வைக்கும் குக்கிஜார் அப்படியில்லை. எச்டிடிபிஎஸ் இல்லையென்றால் சத்தமில்லாமல் குக்கியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. வெள்ளவத்தையில் வேலை செய்தபோது இதே சிக்கலில் அரை நாளைத் தொலைத்தவன் நான். சோதனைச் சூழலில் மட்டும் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள், அல்லது லப்டொப்பிலும் எச்டிடிபிஎஸ் போடுங்கள்.

சரி, அப்போதும் போகவில்லையா? கோரிக்கையோடு போகும் ஹெடரில் 'குக்கி' என்று கையால் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். எழுதியிருந்தால் ஜாரில் உள்ளதை நூலகம் சேர்க்காது.

அப்புறம், குக்கியின் காலாவதி நேரம் ஜிஎம்டியில் (கிரீன்விச் நேரம்) இருக்கும். கொழும்பு நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டுங்கள். "11 மணிக்கே செத்துவிட்டது" என்று நீங்கள் எழுதிய குக்கி மாலை 4.30 வரை உயிரோடுதான் இருக்கும்.