பாதிப் படிப்பில் அமெரிக்கா செல்வோர் எந்த வளாகத்தைத் தேர்வது? கேள்வி பதில்

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இளநிலைப் படிப்பின் நடுவே அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி (திருநகர் மாணவி): பி.எஸ்ஸி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிறேன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எந்த வளாகத்தில் சேர்ந்தாலும் ஒன்றுதானே ஐயா?

பதில்: ஒன்றல்ல அம்மா. இளநிலைப் படிப்பு நடக்கும் ஒன்பது வளாகங்களுக்கும் விண்ணப்பப் படிவம் ஒன்றே என்றாலும், சேர்க்கையை ஒவ்வொரு வளாகமும் தனித்தனியே முடிவு செய்கிறது. பெர்க்லியும் மெர்சிடும் செமஸ்டர் முறையில் நடக்கின்றன. மற்ற ஏழும் கல்வியாண்டை மூன்று குறும்பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் நடக்கின்றன. மூன்றாம் ஆண்டில் சேர 60 செமஸ்டர் கிரெடிட் (படித்து முடித்த பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) அல்லது 90 குவார்ட்டர் கிரெடிட் வேண்டும். அங்கே இடையில் சேருவோரில் கலிபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் ஈராண்டு அரசுக் கல்லூரிகளின் மாணவர்களுக்கே முன்னுரிமை. டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சாந்தா பார்பரா, சாந்தா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் தரும் இட உறுதித் திட்டமும் அவர்களுக்கு மட்டுமே உரியது. ஆகவே, மதுரையிலிருந்து நேரே விண்ணப்பிக்கும் நீங்கள் இந்த ஒரு பல்கலைக்கழகத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

கேள்வி (பசுமலை மாணவர்): அப்படியானால் எதை வைத்து வளாகத்தைத் தேர்வது?

பதில்: தரவரிசையைப் பார்ப்பதற்கு முன், நீங்கள் இங்கே படித்து முடித்த பாடங்களில் எத்தனை அங்கே உங்கள் முதன்மைப் பாடத்தின் கணக்கில் சேரும் என்று பாருங்கள். என் அக்காள் மகனுக்கு ஒரு பல்கலைக்கழகம் 48 கிரெடிட் ஏற்பதாக எழுதியது. வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். அவற்றில் 21 மட்டுமே அவனுடைய துறைக்குக் கணக்கானது என்பதும், மீதி வெறும் விருப்பப் பாடங்களாக ஒதுக்கப்பட்டன என்பதும் சேர்ந்த பிறகே தெரிந்தது. அதனால் ஓராண்டுக் கட்டணம் கூடுதலானது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை. பட்டத்துக்குப் பெரும்பாலும் 120 கிரெடிட் தேவை என்பதால், எத்தனை ஏற்கிறார்கள் என்பதோடு எதற்கு ஈடாக ஏற்கிறார்கள் என்பதையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதற்கு மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. 'அல்லைடு கணிதம்' என்ற தலைப்பைப் பார்க்கும் அயல்நாட்டு மதிப்பீட்டாளருக்கு, அதில் வகையீடும் தொகையீடும் எவ்வளவு நடத்தப்பட்டன என்பது எப்படித் தெரியும்? ஒவ்வொரு தாளின் பாடத்திட்டத்தையும், பாட நேரம், பாட நூல் விவரங்களோடு, முத்திரையிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் படிப்பவர்கள் இதற்குக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரையே முதலில் அணுக வேண்டும். பகுதி 1 தமிழ்த் தாள்களையும் விட்டுவிடாதீர்கள். பிறமொழிப் படிப்பைக் கட்டாயமாக்கியுள்ள வளாகங்களில் அவற்றை அதற்கு ஈடாக ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (மேலூர், ஒரு தந்தை): நிலத்தை அடமானம் வைத்துத்தான் மகனை அனுப்ப வேண்டும். அங்கே வேலை பார்த்துக் கட்டணத்தைச் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும் என்று நம்பி அனுப்பாதீர்கள் ஐயா. எஃப்-1 எனும் மாணவர் விசாவில் படிப்பவர், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த வருமானம் சில்லறைச் செலவுக்கு உதவும், கட்டணத்துக்கு உதவாது. அமெரிக்கக் கூட்டரசின் கல்வி உதவித்தொகையும் அவருக்குக் கிடைக்காது. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் ஓராண்டுச் செலவு அச்சிடப்பட்டிருக்கும். படிப்பு முடிய இன்னும் எத்தனை ஆண்டு ஆகுமோ அதனால் அதைப் பெருக்கிப் பார்த்த பிறகே வங்கிக்குச் செல்லுங்கள். உதவித்தொகை என்று விளம்பரம் செய்யும் இடங்களில், அது முதலாம் ஆண்டில் சேருவோருக்கு மட்டுமா, இடையில் சேருவோருக்கும் உண்டா என்று கேளுங்கள். விடுதி இடத்துக்கும் இதே கேள்வி பொருந்தும்.

கேள்வி (அண்ணாநகர், ஒரு தாய்): மகளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுமா?

பதில்: பஃபலோ போன்ற ஊர்களில் பனி கடுமையாகப் பொழியும், மெர்சிடின் கோடையோ நம் சித்திரை வெயிலை நினைவூட்டும். குளிருக்குத் தகுந்த உடை உண்டு. பருவநிலைக்காக நல்ல துறையைக் கைவிட வேண்டாம்.

கேள்வி (உசிலம்பட்டி மாணவர், இப்போது அமெரிக்காவில்): சேர்ந்த கல்லூரி எனக்குப் பொருந்தவில்லை. வேறு வளாகத்துக்கு மாற என்ன செய்வது?

பதில்: கோபத்தில் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள் தம்பி; அது உங்கள் விசா நிலையையே குலைத்துவிடும். முதலில் புதிய வளாகத்தின் சேர்க்கைக் கடிதத்தைப் பெறுங்கள். பிறகு இப்போதைய கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலரைச் சந்தித்து, உங்கள் செவிஸ் பதிவை (அயல்நாட்டு மாணவர்களுக்காக அமெரிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவை) எந்தத் தேதியில் மாற்ற வேண்டும் என்று தீர்மானியுங்கள். இடையில் ஐந்து மாதத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. அந்தத் தேதிக்குப் பின் பழைய கல்லூரியால் உங்கள் பதிவில் எதையும் திருத்த முடியாது. ஆகவே, கிரெடிட் மதிப்பீடு கைக்கு வரும்வரை தேதியைக் குறிக்க வேண்டாம்.