மூன்றாவது முறை வேண்டாம், அம்மா

இரண்டாவது முறையும் நீட் மதிப்பெண் போதவில்லை, மகள் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று நேற்று என்னிடம் ஆலோசனைக்கு வந்து அழுதீர்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது. உங்கள் அண்ணன் காட்டும் இரண்டு வழிகளுமே வேண்டாம் என்று நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு ஆண்டு கோச்சிங்கில் போட்டால் அவள் உடைந்துபோவாள். நிலத்தை விற்று வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ப்பதா? தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்து உரிமத் தேர்வு. பிறகு இங்கே மீண்டும் 12 மாதப் பயிற்சி. சின்னவன் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். தாய்மாமன் என்ற உரிமையில் அவர் பேசுகிறார். கடனைக் கட்டப்போவது நீங்கள். நிலத்தில் கை வைக்காதீர்கள்.

பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னீர்களே, பக்கவாதத்தில் பேச்சிழந்த தாத்தாவுக்கு அவள் பட அட்டை எழுதி, தினமும் மாலை 'தண்ணீர்', 'சாவி' என்று சொல்லவைத்தாள் என்று. நீங்கள் அதைப் படிப்பைக் கெடுத்த வேலையாகச் சொன்னீர்கள். எனக்கு அதுதான் அவளுடைய வழியாகத் தெரிகிறது.

அதற்கென்றே பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பட்டம் இருக்கிறது: செவித்திறன், பேச்சு, மொழி பற்றிய படிப்பு. மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு பயிற்சி. பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பது, செவித்துணைக் கருவியைக் காதுக்கு ஏற்பச் சரிசெய்வது, திக்குவாய்க்கும் தொண்டை கட்டிப்போகும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருவது, பக்கவாதம் வந்தவர் புரையேறாமல் விழுங்கப் பழக்குவது எல்லாம் இவர்கள் வேலை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத சிறு குழந்தைகளுக்கு, உள்காதில் வைக்கும் காக்ளியர் என்ற கேட்கும் கருவியைப் பொருத்துகிறார்கள். அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தக் குழந்தை 'அம்மா' என்று சொல்ல மாதக்கணக்கில் எதிரே உட்கார்ந்து பேசவைக்க ஒருவர் வேண்டும். உங்கள் மகளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்தப் படிப்பு உண்டு. சென்னை அருகே முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு. விண்ணப்பிக்கும் முன் இந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டை வரி விடாமல் படியுங்கள். எந்தக் கல்லூரியானாலும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். படித்து முடித்தபின் அந்தக் குழுமத்தில் பதிவு செய்யாமல் தொழில் செய்ய முடியாது. தொடக்கச் சம்பளம் மருத்துவருக்கு இணையாக இருக்காது; அதையும் அவளிடம் மறைக்காதீர்கள்.

அவள் வேண்டாம் என்றால் இதையும் விட்டுவிடுவோம். கட்டாயப்படுத்தாதீர்கள்.

இந்த வாரம் உறவினர்களின் தொலைபேசி அழைப்புகளை அவள் அப்பா எடுக்கட்டும். "தேர்வு முடிந்துவிட்டது, வேறு படிக்கப்போகிறாள்" என்ற ஒரு வரி போதும். மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டாம். சாப்பாடும் தூக்கமும் திரும்பவில்லையென்றால் என்னிடம் வருவதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416-இல் எந்நேரமும் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை அவள் மட்டும் உள்ளே வரட்டும், நீங்கள் வெளியே இருங்கள். தாத்தாவுக்கு எழுதிய அட்டைகளை எடுத்துவரச் சொல்லுங்கள்.