படித்தும் தோற்பது ஏன்?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் சதுரங்கத்தில் ஈடுபாடு கொண்டு, தொடக்க நகர்த்தல்களைப் பற்றிய மூன்று தடித்த நூல்களை முழுவதுமாகப் படித்துவிட்டேன். ஆயினும் எட்டாம் வகுப்பில் படிக்கும் பேரனிடம் தொடர்ந்து தோற்கிறேன். குறை நூல்களிலா, என்னிடமா?
– வாசகர், மதுரை

பதில்: குறை, நீங்கள் படித்த வரிசையிலும் முறையிலும் இருக்கிறது. (பேரனின் திறமையையும் சற்றே கணக்கில் கொள்ளுங்கள்.) தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்தவர், எதிராளி நூலில் இல்லாத ஒன்றைச் செய்த கணமே திகைத்து நிற்பார். 1921 முதல் 1927 வரை உலக வாகையராக இருந்த கியூபாவின் கபாபிளாங்கா, இறுதிக்கட்டத்தையே முதலில் கற்க வேண்டும் என்று வலியுறுத்தினார். பலகையில் காய்கள் குறையும்போதுதான் ஒவ்வொரு காயின் வலிமையும் தெளிவாகப் புலப்படும். ஒரு ராஜாவும் ஒரு சிப்பாயும் தனி ராஜாவை எதிர்க்கும் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரச் சிப்பாயாக இல்லாமல், உங்கள் ராஜா அதற்கு நேர் முன்னால், உங்கள் பக்கத்திலிருந்து எண்ணினால் ஆறாம் வரிசையை எட்டிவிட்டால், அடுத்த நகர்த்தல் யாருடையதாயினும் வெற்றி உங்களுடையதே. இதைப் படித்துத் தலையசைத்தால் போதாது. பலகையை விரித்து இரு பக்கமும் நீங்களே ஆடிப் பார்க்க வேண்டும்.

முழு ஆட்டங்களை விளக்கும் நூலானால், வென்றவரின் அடுத்த நகர்த்தலை ஒரு தாளால் மறைத்து, உங்கள் முடிவை எழுதிவைத்த பின்னரே தாளை விலக்குங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம் முடிந்தாலே அதிகம். பழைய புத்தகக் கடையில் வாங்கும் ஆங்கில நூல்கள், கட்டங்களை அவரவர் பக்கத்திலிருந்து எண்ணும் பழைய குறியீட்டில் இருக்கக்கூடும். ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.