திரைவாசிப்பானோடு வேலை செய்ய எந்த விசைப்பலகை?

கேள்வி: நான் முற்றிலும் பார்வையற்றவள், வங்கிக் கிளையில் பணிபுரிகிறேன். மடிக்கணினியில், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறேன். மாலையானால் மணிக்கட்டும் இடது சுண்டுவிரலும் வலிக்கின்றன. தனி விசைப்பலகை வாங்கலாம் என்று கடைக்குப் போனால், கேமிங் மெக்கானிக்கல் பலகைதான் சொகுசு என்கிறார் விற்பனையாளர். விலையோ பல ஆயிரம். சிறிய புளூடூத் பலகையே போதும் என்கிறார் தோழி. எதை வாங்குவது?

பதில்: இரண்டும் வேண்டாம். வலப்பக்கம் எண்பகுதியுடன் கூடிய முழு அளவு, கம்பி இணைப்பு, அதிகச் சத்தமில்லாத சாதாரண யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றே உங்களுக்குப் போதுமானது.

உங்கள் சுண்டுவிரல் வலிக்கு மடிக்கணினியின் விசை அமைப்பே காரணமாக இருக்கக்கூடும். மடிக்கணினியில் பலரும் கேப்ஸ் லாக்கையே என்விடிஏ விசையாக வைத்துக்கொள்வதால், ஒவ்வொரு கட்டளைக்கும் இடது சுண்டுவிரல் அதை அழுத்திப் பிடித்திருக்க, மற்ற விரல்கள் எட்டி நீள வேண்டியிருக்கிறது. முழு அளவுப் பலகையில் எண்பகுதியின் பூஜ்யமே இன்செர்ட் விசையாகவும் இருப்பதாலும், அதையே என்விடிஏ விசையாகப் பயன்படுத்தலாம் என்பதாலும், அந்தச் சுமை வலது கட்டைவிரலுக்குப் போய்விடும். அதைவிட முக்கியமாக, என்விடிஏவின் டெஸ்க்டாப் அமைப்பில் எண்பகுதி முழுவதுமே வாசிப்புக் கருவியாகிறது: 7, 8, 9 ஆகியவை முந்தைய, நடப்பு, அடுத்த வரிகளையும், 4, 5, 6 சொற்களையும், 1, 2, 3 எழுத்துகளையும் ஒற்றை அழுத்தத்தில் படிக்கின்றன. ஐஎஃப்எஸ்சி குறியீட்டை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கும் வேலையில் இதன் அருமை தெரியும். பலகையைச் செருகியவுடன் இது தானாக வந்துவிடாது. என்விடிஏ அமைப்புகளில் விசைப்பலகைப் பிரிவுக்குச் சென்று லேப்டாப் என்பதை டெஸ்க்டாப் என்று மாற்ற வேண்டும். எண்பகுதியை எண் தட்டும் நிலைக்கு மாற்றும் 'நம் லாக்' (Num Lock) விசை அணைந்திருந்தால்தான் இக்கட்டளைகள் இயங்கும் என்பதால், தொகைகளை எண்பகுதியில் தட்டும்போது மட்டும் அதை இயக்கிக்கொள்ளுங்கள். இயக்கும்போதும் அணைக்கும்போதும் என்விடிஏ அறிவித்துவிடும்.

கடைக்குப் போகும்போது உங்கள் மடிக்கணினியையும் எடுத்துச் செல்லுங்கள். பலகையைச் செருகி, என்விடிஏ விசையுடன் மேல்வரிசை 1-ஐ அழுத்தினால் உள்ளீட்டு உதவி நிலை தொடங்கும்; அதன் பிறகு எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரும் அதற்குள்ள கட்டளை விளக்கமும் மட்டும் ஒலிக்கும், வேறெதுவும் நடக்காது. கணினி கைவசம் இல்லையென்றால், கடையின் விண்டோஸ் கணினியில் விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தி, விண்டோஸிலேயே உள்ள திரைவாசிப்பானான நரேட்டரை எழுப்பி, கேப்ஸ் லாக்குடன் 1-ஐ அழுத்தினாலும் இதே வசதி கிடைக்கும். விற்பனையாளரின் வர்ணனையைவிட இந்தச் சோதனை நம்பகமானது.

சோதிக்கும்போது விரல்களால் தேட வேண்டியவை சில உண்டு. எஃப்1 முதல் எஃப்12 வரையிலான விசைகள் நான்கு நான்காகப் பிரிந்து நடுவே இடைவெளி இருக்க வேண்டும். ஒரே நீள வரிசையாக இருந்தால் எஃப்7-க்கும் எஃப்8-க்கும் வேறுபாடு தெரியாமல் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொண்டிருக்க நேரும். எஃப், ஜே விசைகளிலும் எண்பகுதியின் 5-இலும் உள்ள மேடு தெளிவாக உணரப்பட வேண்டும். மலிவான சில பலகைகளில் அது பெயருக்குத்தான் இருக்கிறது. அம்புக்குறி விசைகளும், இன்செர்ட், ஹோம், பேஜ் அப் உள்ளிட்ட ஆறு விசைகளும் மற்றவற்றோடு ஒட்டாமல் தனித் தீவுகளாக இருக்கட்டும். எண்பகுதிக்கு மேல் கணினியை உறங்க வைக்கும் விசை உள்ள பலகையைத் தவிர்த்துவிடுங்கள். வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போதுதான் விரல் தவறிப் போய் அதில் படும். மூன்று நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தும் கட்டளைகளையும் முயன்று பாருங்கள், ஏனெனில் விலை குறைந்த சில பலகைகள் குறிப்பிட்ட சேர்க்கைகளில் ஒரு விசையை விழுங்கிவிடுகின்றன.

ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் உள்ள மெக்கானிக்கல் பலகை கெட்டதன்று. ஆனால் நீல நிற ஸ்விட்ச் உள்ள பலகை ஒவ்வொரு அழுத்தத்துக்கும் எழுப்பும் கிளிக் சத்தம், வேகமாகப் பேசும் திரைவாசிப்பானின் குரலோடு மோதும். வாங்கியே தீர வேண்டுமென்றால் கிளிக் சத்தமில்லாத சிவப்பு ஸ்விட்ச் கேளுங்கள். செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் சிவப்பு ஸ்விட்ச், 4 மில்லிமீட்டர் ஆழத்தில் 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே பதிவாகிவிடுவதால் அடிவரை குத்த வேண்டியதில்லை. வண்ண விளக்குகளுக்காக நீங்கள் ஒரு ரூபாயும் கூடுதலாகத் தர வேண்டாம்.

சிறிய புளூடூத் பலகை பயணத்துக்கு உதவும், அவ்வளவே. பலவற்றில் இன்செர்ட் விசையே இருக்காது. பேட்டரி தீர்வதைச் சிறு விளக்கால் மட்டும் தெரிவிப்பவையும் உண்டு.

மணிக்கட்டு வலிக்கு இன்னொன்று. பலகையின் பின்புறக் கால்களை மடக்கியே வைத்திருங்கள். அவை தரும் சரிவு, விசையின் எழுத்துகளைப் பார்த்துத் தட்டுவோருக்குத்தான் பயன். உங்கள் மணிக்கட்டை அது வீணாக மேல்நோக்கி வளைக்கும். திரையைப் பார்க்கத் தேவையில்லாத உங்களுக்கு, பலகையை முழங்கை உயரத்துக்கு இறக்கி, இழுப்பறைத் தட்டில் வைத்துக்கொள்ளும் சுதந்திரம் இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் வலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இணையத்தில் வாங்குவதானால் திரும்பப் பெறும் நிபந்தனையை முதலில் படியுங்கள். பொருள் பழுதாகவோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் கூறுகின்றன. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 'கைக்கு ஒத்துவரவில்லை' என்ற காரணத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, அது விற்பவரின் கொள்கையைப் பொறுத்தது. கடையில் தொட்டுப் பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: புதிய மடிக்கணினியில் வலப்பக்க அப்ளிகேஷன் விசையைக் காணவில்லை, அந்த இடத்தில் அழுத்தினால் கோபைலட் திறக்கிறது. விசைப்பலகை பழுதா?

பதில்: பழுதில்லை. தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளரான கோபைலட்டுக்கென ஒரு விசையை மைக்ரோசாஃப்ட் 2024 ஜனவரியில் அறிவித்தது. அதன் பிறகு வந்த பல மடிக்கணினிகளில் அப்ளிகேஷன் விசையோ வலது கன்ட்ரோலோ இடம் இழந்திருக்கிறது. ஷிஃப்டுடன் எஃப்10 அழுத்தினால், அப்ளிகேஷன் விசை திறக்கும் அதே ரைட் கிளிக் பட்டி திறக்கும். ஒலி, வெளிச்சம் போன்றவற்றை மாற்றும் வேலையை எஃப் விசைகளுக்குக் கொடுத்திருக்கும் கணினியானால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். திரைவாசிப்பானின் பேச்சை நிறுத்த வலது கன்ட்ரோலைத் தட்டிப் பழகியவர் இடது கன்ட்ரோலுக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதான்.