கரையில் நின்றே சால்மன் பிடிக்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தூத்துக்குடியில் வளர்ந்தவன் நான்; சிறுவயதில் தூண்டில் போட்ட பழக்கம் உண்டு. இப்போது சியாட்டில் பகுதியில் வேலை பார்க்கிறேன். சால்மன் பிடிக்கப் படகு இல்லாமல் முடியாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கரையிலிருந்தே பிடிக்க வழி உண்டா? எந்த மாதத்தில் தொடங்கலாம்?
– வாசகர், ரெட்மண்ட்

பதில்: வழி உண்டு. ஆழத்தில் திரியும் சினூக் வகையைத் தேடிப் போகிறவர்களுக்குத்தான் படகு பெரிதும் உதவும். பியூஜெட் சவுண்ட் என்னும் இந்த உள்கடலில் மற்ற வகைச் சால்மன்கள், தாம் பிறந்த ஆறுகளை நோக்கித் திரும்பும்போது, பல இடங்களில் கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் கடந்து போகின்றன. அவை வரும் காலத்தில், வரும் வழியில் நிற்பதே கரையில் நிற்பவரின் வேலை. இதைக் கவனிக்காமல் விலையுயர்ந்த கோலும் ரீலும் வாங்கிக்கொண்டு, மீனே வராத மாதத்தில் ஏதோ ஒரு கடற்கரையில் நாள் முழுதும் வீசிவிட்டு, சால்மன் பிடிப்பது நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டுகிறவர்கள் பலர்.

சினூக், கோஹோ, சாக்ஐ, சம், பிங்க் என ஐந்து வகைச் சால்மன்கள் இங்கே உண்டு. முதல் முறை தூண்டில் போடுகிறவர் பிங்க் வகையை மட்டுமே மனத்தில் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த மீனின் ஆயுள் சரியாக இரண்டே ஆண்டுகள். அதனால் ஒற்றைப்படை ஆண்டில் ஆற்றுக்கு வரும் கூட்டமும் இரட்டைப்படை ஆண்டில் வரும் கூட்டமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. பியூஜெட் சவுண்ட் ஆறுகளுக்குப் பெருங்கூட்டமாக வருவது ஒற்றைப்படை ஆண்டுகளில்தான். 2025 அப்படிப்பட்ட ஆண்டு, அடுத்தது 2027. ஜூலைக் கடைசியில் தலைகாட்டத் தொடங்கி, ஆகஸ்டு நடுவிலிருந்து மாதக் கடைசி வரை உச்சத்தில் இருந்து, செப்டம்பர் தொடக்கத்தில் குறைந்துவிடும். மீன் ஒன்று பெரும்பாலும் 3 முதல் 5 பவுண்டு வரை இருக்கும். எண்ணிக்கை மிகுதி, கரையை ஒட்டி வரும் இயல்பு, தயங்காமல் தூண்டிலைக் கவ்வும் குணம் ஆகிய மூன்றும் சேர்வதால், கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட ஏற்ற சால்மன் இல்லை.

இரட்டைப்படை ஆண்டில் கோஹோவை நம்பலாம். செப்டம்பர் அதற்கு நல்ல மாதம். ஆனால் அது விரைவாக நகரும், எளிதில் ஏமாறாது. சம் வகை இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில் வரும். நவம்பர்க் குளிரைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவர்கள், ஹூட் கால்வாயில் மீன் பண்ணை அமைந்துள்ள ஹூட்ஸ்போர்ட் கரைக்குப் போகலாம்.

கேள்வி: எந்தக் கடற்கரைக்குப் போவது? ஓதம் பார்த்துத்தான் போக வேண்டுமா?
– வாசகி, பெல்வியூ

பதில்: வரைபடத்தை விரித்து, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனைகளைப் பாருங்கள். கரையை ஒட்டி வரும் மீன் கூட்டம் முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். அங்கே கடல் சட்டென்று ஆழமாவதால் கரைக்கு மிக அருகிலேயே அவை கடக்கின்றன. கிட்சாப் தீபகற்பத்தின் வடகிழக்கு நுனியில் கலங்கரை விளக்கத்தோடு இருக்கும் பாயிண்ட் நோ பாயிண்ட், விட்பீ தீவின் மேற்குக் கரையிலுள்ள புஷ் பாயிண்ட், மேற்கு சியாட்டிலின் லிங்கன் பூங்கா ஆகியவை இதனால்தான் பெயர் பெற்றவை. தெற்கே ரெடோண்டோ, டேஷ் பாயிண்ட், பிரௌன்ஸ் பாயிண்ட் ஆகியவை புயாலப் ஆற்றுக்குச் செல்லும் பிங்க் மீன்களின் வழியில் இருக்கின்றன. குழந்தைகளோடு செல்வதாக இருந்தால், கைப்பிடிச் சுவர் உள்ள எட்மண்ட்ஸ் அல்லது டிமாயின் மீன்பிடி பாலங்களே நல்லவை. பாலத்தின் மேலிருந்து மீனைக் கோலாலேயே தூக்கினால் நரம்பு அறும் என்பதால், கயிறு கட்டி இறக்கும் வளைய வலை ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஓதம் பார்ப்பது அவசியம். நீர் முற்றிலும் அசையாதபோதும், ஆறு போல இழுத்துக்கொண்டு ஓடும்போதும் கரையில் நிற்பவருக்குப் பலன் குறைவு. ஏற்றம் வற்றமாகவோ வற்றம் ஏற்றமாகவோ மாறுவதற்குச் சற்று முன்னும் பின்னும், நீரோட்டம் மிதமாக இருக்கும் வேளை நல்லது. அந்த வேளை விடியலோடு சேர்ந்து வந்தால், தூக்கத்தை விட்டுக்கொடுத்தாவது போக வேண்டிய நாள் அது. பிங்க் கூட்டம் வந்திருப்பதை அதுவே அறிவித்துவிடும்: மீன்கள் நீருக்கு மேல் துள்ளிக்கொண்டே நகரும். துள்ளிய இடத்தின் மேல் வீசாமல், கூட்டம் எந்தத் திசையில் போகிறதோ அதற்குச் சில மீட்டர் முன்னால் வீசுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெரிய சரக்குக் கப்பல்கள் கடந்து சில நிமிடங்கள் கழித்து, அமைதியான கரையில் திடீரென்று பெரிய அலைகள் வந்து மோதும். ஆகஸ்டிலும் இந்த நீர் உடலை விறைக்க வைக்கும் அளவுக்குக் குளிர்ந்தது. இடுப்பளவு நீரில் இறங்கி நிற்கிறவர்களைப் பார்த்து நீங்களும் இறங்க வேண்டியதில்லை. முழங்கால் ஆழமே போதும்.

கேள்வி: என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்? உயிர் இரை தேவையா?
– வாசகர், டகோமா

பதில்: உயிர் இரை தேவையில்லை. எட்டரை அல்லது ஒன்பது அடி நீளமுள்ள நடுத்தரக் கோல், 3000 அல்லது 4000 அளவுள்ள ஸ்பின்னிங் ரீல், 15 முதல் 20 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, அதன் முனையில் இரண்டு மூன்று அடி நீளத்துக்கு 10 அல்லது 12 பவுண்டு ஃபுளுரோகார்பன் நரம்பு ஆகியவை போதும். இரைக்கு, பஸ் பாம் என்ற பெயரில் விற்கும் பட்டையான உலோகத் துண்டை இளஞ்சிவப்பு நிறத்தில் இரண்டு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். மீனின் பெயர் பிங்க் என்பதால் இரையும் அந்த நிறத்திலா என்று சிரிக்கலாம். பிங்க் காலத்தில் கரையில் நிற்கிற பெரும்பாலானோரின் நரம்பு முனையில் இந்த நிறம்தான் தொங்குகிறது.

கருவியைவிட, அதை இழுக்கும் விதமே மீனைத் தரும். வீசிய பின் சில நொடிகள் மூழ்கவிடுங்கள். பிறகு கோலின் நுனியை மெதுவாக உயர்த்தி, மறுபடி தாழ்த்தி, தளர்ந்த நரம்பை மட்டும் சுற்றி எடுங்கள். இரை சுழன்றபடி கீழே விழும் அந்தக் கணத்தில்தான் மீன் பெரும்பாலும் கவ்வும். ஆகவே நரம்பு முற்றிலும் தொய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரமாகச் சுற்றுவதுதான் புதியவர்களிடம் காணும் பெருங்குறை. கோஹோ வேகமான இரையைத் துரத்தும். பிங்க் அப்படியன்று, நிதானமாக நகர்வதையே விரும்பும். பிங்க் மீனின் வாய் மென்மையானது என்பதால், கவ்வியதும் பலமாக வெட்டி இழுக்காமல், கோலை உயர்த்திப் பிடித்து நிலையாக இழுத்து வாருங்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து என் தந்தை கோடைக்கு வருகிறார். அவருக்கும் உரிமம் எடுக்க வேண்டுமா?
– வாசகி, சமாமிஷ்

பதில்: வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் 15 வயது நிறைந்த எவரும் சால்மனுக்குத் தூண்டில் போட உரிமம் பெற வேண்டும். சில நாட்களுக்கு மட்டும் செல்லும் குறுகிய கால உரிமங்கள் விருந்தினருக்கு வசதியானவை. ஆண்டு உரிமம் எப்போது வாங்கினாலும் மார்ச் 31 அன்று முடிந்துவிடும். உரிமத்தோடு, பிடித்த மீனைக் குறிக்கும் பதிவட்டையும் வேண்டும். வீட்டுக்கு வந்து சாவகாசமாக எழுதலாம் என்று எண்ணாமல், மீனை வைத்துக்கொள்ள முடிவு செய்த உடனே, நின்ற இடத்திலேயே பதிய வேண்டும்.

இங்கே கடற்பகுதிகளுக்கு எண்கள் உண்டு. எட்மண்ட்ஸ் 9, சியாட்டில் 10, டகோமா 11. திறந்திருக்கும் நாட்களும் நாளொன்றுக்கான வரம்பும் பகுதிக்குப் பகுதி மாறும், பருவத்தின் நடுவில் திருத்தப்படவும் கூடும். போன ஆண்டு விதியை நம்பாமல், கிளம்பும் நாள் காலையில் மாநில மீன்வள, வனவிலங்குத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: சென்ற பருவத்தில் நல்ல கோஹோ ஒன்றைக் கரை சேர்த்தேன். பக்கத்தில் நின்றவர் அதை விட்டுவிடச் சொன்னார். விட்டேன், ஆனால் காரணம் விளங்கவில்லை.
– வாசகர், ரென்டன்

பதில்: அவர் பார்த்தது அதன் சிறு துடுப்பை. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையே, விரல் நுனி அளவில் சதைப்பற்றான கொழுப்புத் துடுப்பு ஒன்று சால்மனுக்கு உண்டு. பண்ணையில் பொரித்து வளர்க்கும் கோஹோ, சினூக் குஞ்சுகளுக்கு, ஆற்றில் விடும் முன் பெரும்பாலும் அதை வெட்டிவிடுகிறார்கள். அத்துடுப்பு இருந்தால் காட்டு மீன் என்று கொள்ள வேண்டும். பல இடங்களில், பல காலங்களில் காட்டு மீனை விட்டுவிடுவதே சட்டம். பியூஜெட் சவுண்டின் சினூக் 1999 முதல் அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் கூட்டாட்சிப் பட்டியலில் இருக்கிறது. பிங்க் மீனின் துடுப்பை வெட்டும் வழக்கம் இல்லையாதலால், அதற்கு இந்தச் சோதனை கிடையாது.

எனவே வகையை அடையாளம் காணத் தெரியாமல் கரைக்குப் போகக் கூடாது. வாலின் இரு மடல்களிலும் பெரிய முட்டை வடிவப் புள்ளிகளும், மிக நுண்ணிய செதில்களும் இருந்தால் பிங்க். மேல் மடலில் மட்டும் புள்ளிகளும், கீழ்த்தாடைப் பல்லடியில் வெண்மையும் இருந்தால் கோஹோ. வாலின் இரு மடல்களிலும் புள்ளிகளோடு, பல்லடி கறுத்திருந்தால் சினூக். கடலில் சால்மனுக்கு எதிர்முள் இல்லாத ஒற்றைமுனைத் தூண்டில் முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதியும் இதற்காகத்தான்: விட வேண்டிய மீனை நீரிலேயே வைத்து, இடுக்கியால் முள்ளைத் திருப்பினால் நொடியில் கழன்றுவிடும். மும்முனை முள்ளோடு விற்கும் இரையாக இருந்தால், வீட்டிலேயே முள்ளை மாற்றிக்கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: எங்களுக்கு இத்தனை கட்டுப்பாடுகள் இருக்க, பூர்வகுடியினர் ஆற்றில் வலை போட அனுமதிப்பது ஏன்?
– வாசகர், கென்ட்

பதில்: அது அரசு அளித்த சலுகை அன்று. 1850களின் நடுவில் நிலத்தைக் கொடுத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில், வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை அவர்கள் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். அவ்வுரிமை அறுவடைக்கு உரிய மீனில் பாதி வரை செல்லும் என்று 1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார்; 1979இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதன் சாரத்தை ஏற்றது. ஆண்டுதோறும் மாநில அரசும் பழங்குடி அரசுகளும் சேர்ந்தமர்ந்தே பருவங்களை வகுக்கின்றன. நமக்குக் கிடைக்கும் நாட்களும் அந்தப் பேச்சில் முடிவாகின்றவையே.

கேள்வி: பிங்க் சால்மன் குழம்புக்கு ஆகுமா?
– வாசகி, எவரெட்

பதில்: ஆகும், பிடித்தவுடன் கவனித்தால். பிடித்த உடனே செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு, குடலை நீக்கி, ஐஸில் வைத்துவிடுங்கள். இதன் சதை மென்மையானது; வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்தால் எந்தப் புளியாலும் அதைக் காப்பாற்ற முடியாது. கடலில் பிடித்த வெள்ளி நிற மீனை எடுங்கள். ஆற்று வாயில் கூன் விழுந்து நிறம் மங்கிய ஆண் மீன்களை விட்டுவிடுங்கள். குழம்பு கொதித்து அடங்கிய பின் கடைசியாகத் துண்டுகளைப் போட்டு, கரண்டியால் கிளறாமல் சட்டியைச் சுழற்றி இறக்கினால் உடையாது. வறுவலுக்கு இன்னும் பொருத்தம். பச்சையாக உண்ண விரும்புவோர் மட்டும், ஒட்டுண்ணிப் புழுக்கள் சாகும்படி, -20 டிகிரி செல்சியஸில் ஏழு நாட்கள் உறையவைத்த பிறகே உண்ண வேண்டும்.